கைதட்டல் ஓய்ந்த பின்: சந்திரபாபுவை நினைத்து



கார்த்திகைத் தீபம் முடிந்த மறுவாரம் அது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்த லட்சக்கணக்கான மக்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். பத்து நாள் ஒலிபெருக்கிச் சத்தத்திற்குப் பழகிய காதுக்குத் திருவண்ணாமலையின் அமைதி சற்றுப் புதிதாக இருந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார் ஓர் இளைஞர். வயது 27. சிறுவனாக நம் ஆலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவர். இன்று ஓர் இன்னிசைக் குழுவில் முதன்மைப் பாடகர். கோவில் திருவிழா, திருமண வரவேற்பு, ஆடி மாதக் கூழ்வார்ப்பு, நம் மாதா தேர்த்திருவிழா என்று வருடம் முழுவதும் மேடை. செல்பேசியில் அவர் பாடுவதைப் பார்ப்பவர்கள் பல்லாயிரம் பேர். பேருந்து நிலையத்தில் இளைஞர்கள் அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதை நாமே பார்த்திருக்கிறோம்.

தை மாதத்தில் அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வேலூரில் செவிலியர். இரண்டு ஞாயிறுகளில் ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவே வந்திருந்தார்.

"பொண்ணு பிடிக்கலையா தம்பி?" என்று கேட்டோம்.

"பிடிச்சிருக்கு ஃபாதர். ஆனா அவ கட்டிக்கப் போறது என்னை இல்ல. ஸ்டேஜ்ல பாடுறானே, அவனை. அவன் ராத்திரி பன்னெண்டு மணியோட முடிஞ்சிடறான். அதுக்கு அப்புறம் வேன்ல உக்காந்துட்டு வர்றவன் யாருன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இருக்க மாட்டா."

பன்னிரண்டு மணிக்குப் பிறகு நடப்பதையும் சொன்னார். கச்சேரி முடிந்ததும் உறக்கம் வராது. விழாக்குழுவினர் அன்போடு அழைப்பார்கள். பிரியாணி, பாட்டில், இன்னும் இரண்டு பாட்டு. விடிந்தால் எங்கோ ஓர் அறையில் எழுந்திருப்பார். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள், பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவருடைய தாய் ஏற்கனவே நம்மிடம் வேறு சொற்களில் இதையே சொல்லியிருந்தார்: "ஊரே கைதட்டுது சாமி. வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்." (இதை எழுத அவர்கள் மூவரிடமும் அனுமதி பெற்றோம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறோம்.)

அன்றிரவு அவரை அனுப்பிவிட்டுப் படுத்தபோது நம் நினைவுக்கு வந்தவர் சந்திரபாபு.

இன்றைய இளையோர் 'ராக் ஸ்டார்' என்று சொல்கிறார்களே, 1950களின் தமிழகத்தில் அந்தச் சொல்லுக்கு மிக அருகில் நின்ற மனிதர் அவர்தான். கோட்டு சூட்டும் தொப்பியுமாக வந்து, மேற்கத்திய நடனத்தையும் 'யோடலிங்' எனப்படும் குரல் புரட்டலையும் தமிழ்த்திரைக்குக் கொண்டுவந்தவர். பிறர் எழுதிக் கொடுத்த பாட்டாக இருந்தாலும் அவர் பாடினால் அது அவருடையதாகிவிடும். நகைச்சுவை நடிகர் என்று அவரை ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அவர் பாடகர், ஆட்டக்காரர், கதாசிரியர், இயக்குநர். 1954இல் வெளிவந்த 'பெண்' படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடியவரும் அவரே.

அவர் நம்மவர் என்பது நம் இளையோர் பலருக்குத் தெரியாது. 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பனிமய மாதா பேராலயத்தின் திருவிழா ஆகஸ்ட் 5. அந்த விழாக் காலத்தில் பிறந்த குழந்தை ஆதலால் மாதாவின் பெயரே பிள்ளைக்கு வந்தது: ஜோசப் பனிமயதாஸ். ஜே.பி. என்ற முன்னெழுத்துகள் அதைத்தான் குறிக்கின்றன. தந்தை ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்ட வீரர், பத்திரிகை நடத்தியவர். அந்தக் குற்றத்திற்காக ஆங்கில அரசு 1929இல் குடும்பத்தையே கொழும்புக்கு அனுப்பியது. சந்திரபாபுவின் இளமைக்காலம் அங்கே கழிந்தது. மேற்கத்திய இசை அவருடைய காதில் ஏறியதும் அங்கேதான். 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. திரைப்பட வாய்ப்புத் தேடி அலைந்தவருக்கு 1947இல் 'தன அமராவதி'யில் சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் பட்டினியும் காத்திருப்பும்தான்.

1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள முயன்றார். எஸ்.எஸ். வாசனைப் பார்த்து வாய்ப்புக் கேட்க முடியவில்லை என்ற ஏமாற்றம். காப்பாற்றப்பட்டார். அப்போது தற்கொலை முயற்சி குற்றம் ஆதலால் வழக்கும் நடந்தது. நீதிபதியின் முன்னால் தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டு, தீ சுட்டதை நீங்கள் பார்க்க முடியும், சுட்ட வலியை உணர முடியாது என்ற கருத்தில் அவர் பேசினார் என்று அவரைப் பற்றி எழுதிய பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். நீதிபதி விடுவித்தார். அதே ஆண்டு வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வேடமும் கிடைத்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சாகத் துணிந்த ஒருவன் வாய்ப்புப் பெற்று வென்றான் என்று இதை உற்சாகக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வயதில் அவருக்கு ஒரு பாடம் தவறாகப் பதிந்துவிட்டது என்றே நினைக்கிறோம். தன் வலி ஒரு காட்சியாக மாறினால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்பதே அந்தப் பாடம். பின்னாளில் அவர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களில் சோகப் பாடல்களே மிகுதி என்பதைக் கவனியுங்கள். சிரிக்க வைப்பதற்கென்றே வந்தவர் அழவைக்கும் பாடல்களால் இன்றும் நினைவுகூரப்படுகிறார். (இதைப் படிக்கும் யாருக்காவது வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இத்தகைய முயற்சியைத் தண்டனைக்கு உரியதாக அல்ல, உதவிக்கு உரிய துயரமாகவே பார்க்கிறது. பங்கு இல்லத்தின் கதவையும் தட்டலாம். நேரம் பார்க்க வேண்டாம்.)

வெற்றி வந்தபோது வெள்ளமாக வந்தது. 'புதுமைப்பித்தன்' 1957இல், 'நாடோடி மன்னன்', 'சபாஷ் மீனா' இரண்டும் 1958இல். 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனுடன் இணைந்து இரட்டை வேடத்தில் நடித்தார். படம் பார்த்தவர்கள் அவரைப் பற்றியே பேசினார்கள். பணம் வந்தது, கார் வந்தது, நண்பர் கூட்டம் வந்தது. சென்னை கேசவபெருமாள்புரத்தில் கட்டிய மாளிகையில் கார் மாடி வரை ஏறும்படி சாய்தளம் அமைத்தார் என்பார்கள். பெரிய நடிகர்களையும் பெயர் சொல்லி அழைக்கும் துணிச்சல் அவருக்கு உண்டு. திரையுலகில் அது நட்பையும் தந்தது, பகையையும் தந்தது.

அதே 1958இல்தான் அவருடைய திருமணமும் நடந்தது.

மணமான சில நாள்களில் அவர் மனைவி, தம் உள்ளத்தில் வேறொருவர் இருப்பதை அவரிடம் சொன்னார். சந்திரபாபு சத்தம் போடவில்லை. அடிக்கவில்லை. ஊரைக் கூட்டவில்லை. அவர் விரும்பிய வாழ்வுக்கே அவரை அனுப்பிவைத்தார். 1981இல் கே. பாக்யராஜ் இயக்கி வெளிவந்த 'அந்த 7 நாட்கள்' படத்தின் கருவுக்கு இந்த நிகழ்ச்சியே தூண்டுதல் என்று சொல்வார்கள். திரையரங்கில் அந்தக் கதைக்குக் கைதட்டல் கிடைத்தது. அதை உண்மையில் வாழ்ந்தவர் ஏழாண்டுகளுக்கு முன்பே கல்லறைக்குப் போயிருந்தார்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பெண்ணை நாம் குறை சொல்லப் போவதில்லை. உண்மையைச் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. அந்தத் துணிவு திருமணத்துக்கு முன்னால் ஒரு வாரம் கிடைத்திருந்தால் இருவர் வாழ்வும் வேறாக இருந்திருக்கும். அதற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு பங்குத்தந்தையாக இந்த இடத்தை நம்மால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

அதன்பிறகு அவருடைய இரவுகள் நீண்டன. படப்பிடிப்பு முடிந்தால் விருந்து, விருந்து முடிந்தால் குடி, பின்னர் போதை மருந்து. 1960இல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். தலைப்பைப் பாருங்கள்! படப்பிடிப்புக்கு அவரை வரவழைக்கத் தாம் பட்ட பாட்டைக் கண்ணதாசனே பின்னாளில் எழுதியிருக்கிறார். படம் கடனில் முடிந்தது. ஆனால் பிறப்பிலும் அழுகை, இறப்பிலும் அழுகை, இடையில் ஒரு நாளாவது சிரிக்கலாகாதா என்ற பொருளில் சந்திரபாபு அதில் பாடிய பாடல் தங்கிவிட்டது. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் அதைப் பாடி, அவருடைய பாராட்டில் நெகிழ்ந்து அவர் மடியிலேயே போய் அமர்ந்துகொண்டார் என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். கேட்டுச் சிரிப்பார்கள். நமக்கு அது சிரிப்பாக இல்லை. முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு மனிதன், நாடறிந்த கலைஞன், அமர்வதற்கு ஒரு மடியைத் தேடியிருக்கிறான்.

எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்றொரு படத்தைத் தாமே எடுக்கத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. போட்ட பணம் போயிற்று, வீடு கைவிட்டுப் போயிற்று. 1966இல் தாமே எழுதி இயக்கி நடித்த படத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'தட்டுங்கள் திறக்கப்படும்'. மத்தேயு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தை அறிந்த எவருக்கும் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியும். தூத்துக்குடி ஆலயத்துப் பிள்ளை மறைக்கல்வியில் கற்றதை மறக்கவில்லை. ஆனால் படம் ஓடவில்லை. அதில் உடன் நடித்தவர் சாவித்திரி. புகழின் உச்சியில் இருந்தவர், காதல் மணம் கைகூடாமல் போனவர், குடிக்கு ஆளானவர், ஏறத்தாழ 19 மாதங்கள் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பரில் மறைந்தவர். ஒரே படத்தில் நின்ற இருவரும் ஒரே பாதையில் போனார்கள்.

1974 மார்ச்சில் சந்திரபாபு இறந்தபோது வயது 46. கையில் காசில்லை. அவர் விருப்பப்படி உடல் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் வீட்டில் சிறிது நேரம் வைக்கப்பட்டு, பின் சாந்தோம் பகுதியிலுள்ள குவிபிள் தீவு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தமக்கென்று மாளிகை கட்டியவர் இன்னொருவர் வீட்டிலிருந்து புறப்பட்டார். ஆனால் அந்த இன்னொருவர் உண்மையான நண்பர். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. எல்விஸ் பிரெஸ்லி 1967இல் மணந்து 1973இல் மணமுறிவு பெற்று, 1977 ஆகஸ்ட் 16 அன்று 42 வயதில் தம் மாளிகையிலேயே இறந்தார். அவரோடு எப்போதும் ஒரு நண்பர் படை இருந்தது, பெரும்பாலோர் அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள். ஃபிரெடி மெர்க்குரியை நம் இளையோர் 2018இல் வந்த திரைப்படத்தால் அறிவார்கள். அவர் சான்சிபாரில் பிறந்த பார்சி. மகாராஷ்டிரத்திலுள்ள பஞ்சகனியின் விடுதிப் பள்ளியில் எட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து படித்தவர். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேரை ஒரே குரலில் பாடவைத்தவர். அவருடைய விருந்துகள் உலகப் புகழ் பெற்றவை. 1991இல் 45 வயதில் நோயுற்று இறந்தபோது உடனிருந்து பார்த்துக்கொண்டவர்கள் ஒரு கை விரல்களில் அடங்குவர். இளமையில் அவரோடு வாழ்ந்து, பின் தோழியாகவே தொடர்ந்த பெண்ணுக்குத் தம் வீட்டை எழுதிவைத்தார். விருந்துக்கு வந்தவர்களுக்கு அல்ல.

ஏன் இப்படி ஆகிறது?

புகழ் பாவம், அதனால் தண்டனை என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லும் மறையுரைகளை நாமும் இளம் வயதில் ஆற்றியிருக்கிறோம். அது சரியான விளக்கம் அல்ல. சந்திரபாபு தம் திறமையை மண்ணில் புதைக்கவில்லை, இரட்டிப்பாக்கித் தந்தார். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது உடம்பு. மூன்று மணி நேரம் ஆயிரம் பேர் முன்னால் பாடி ஆடியவன் உடல், ஓடிவந்த குதிரை போல. நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கும். உறக்கம் வரப் பல மணி நேரம் ஆகும். குடும்பத்தார் உறங்கும் நேரத்தில் அவன் முழு விழிப்பில் இருக்கிறான். அவர்கள் எழும்போது அவன் உறங்குகிறான். அந்த நடு இரவில் விழித்திருப்பவர்கள் விருந்துக்காரர்கள் மட்டுமே. ஆகவே அவன் அவர்களோடு இருக்கிறான். கெட்ட எண்ணத்தால் அல்ல, வேறு யாரும் விழித்திருக்காததால். குடி அந்தப் படபடப்பை உடனே தணிக்கிறது. ஆனால் உறக்கத்தைக் கெடுத்து, மறுநாள் மனத்தை மேலும் கீழே தள்ளுகிறது. கீழே போன மனத்தை அடுத்த கைதட்டலால்தான் தூக்க முடியும் என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது.

அடுத்தது கைதட்டலின் இயல்பு. அது ஒருவழிப் பாதை. கைதட்டுபவர் உங்களை அறிவார், நீங்கள் அவரை அறிய மாட்டீர்கள். அவர் உங்களிடம் எதையும் மன்னிக்க வேண்டியதில்லை, நீங்கள் அவருக்காக எதையும் பொறுக்க வேண்டியதில்லை. அன்புக்கு மன்னிப்பும் பொறுமையும் வேண்டும். கைதட்டலில் வளர்ந்தவனுக்கு வீட்டில் மனைவி, "ஏன் நேத்து போன் எடுக்கல?" என்று கேட்பதே பெரிய எதிர்ப்பாகத் தோன்றும். ஊரில் யாருமே அப்படிக் கேட்பதில்லையே!

மூன்றாவது, நம் இளைஞர் சொன்னதுதான். என்னை நேசிப்பவர் நேசிப்பது என்னையா, மேடையில் நிற்பவனையா? புகழ் வரும் முன் கிடைத்த நண்பனைத் தவிர யாரையும் நம்ப முடியாத நிலை. நம்பாதவனால் தன் பலவீனத்தைக் காட்ட முடியாது. பலவீனத்தைக் காட்டாமல் எந்தத் திருமணமும் வாழாது. லூக்கா நற்செய்தியின் இளைய மகனை எண்ணிப் பாருங்கள். சொத்து இருந்தவரை விருந்து நடந்தது. பஞ்சம் வந்தபோது விருந்துண்டவர் ஒருவரும் கதையில் இல்லை. இயேசு அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிடுகிறார். அவர்கள் இல்லாமல் போனதே செய்தி.

நம் ஊருக்கும் இதில் ஒரு கதை உண்டு. பெரிய கோவிலின் வல்லாள மகாராஜன் கோபுரத்திலிருந்து ஒருவர் தம் உயிரை விடத் துணிந்தார் என்றும், முருகன் தாங்கிக்கொண்டான் என்றும் நம் இந்துச் சகோதரர்கள் சொல்வார்கள். அருணகிரிநாதர்தான் அவர். இளமையைக் களியாட்டத்தில் கழித்து, உடல் நலிந்து, யாருமற்று நின்ற வேளையில் கோபுரம் ஏறினார் என்பது வழிவழி வந்த கதை. அங்கே இன்றும் கோபுரத்து இளையனார் சன்னதி இருக்கிறது. அதன்பின் அவர் பாடியதே திருப்புகழ். அவர் கதையை 1964இல் திரைப்படமாக்கியபோது டி.எம். சௌந்தரராஜனே அவராக நடித்தார். வரலாறும் புராணமும் கலந்த அந்தக் கதையில் நம் கவனத்தைக் கவர்வது ஒன்று. களியாட்டத்தின் முடிவில் நிற்பது தனிமை என்பதை இந்த ஊர் ஐந்நூறு ஆண்டுகளாகத் தன் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறது.

அதே மலையில் தனிமையை நாடி வந்தவர்களும் உண்டு. ரமண மகரிஷி 1896இல் பதினாறு வயதில் இங்கு வந்து 1950இல் மறையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. விருபாட்ச குகையில் மட்டும் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள். நம் திருச்சபையிலும் பாலைவனத் தந்தையர் அப்படி வாழ்ந்தார்கள். தாமே தேர்ந்துகொண்ட தனிமை ஒன்று, கூட்டத்தின் நடுவில் வந்து சூழும் தனிமை வேறொன்று. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நின்று பார்த்தால் இரண்டையும் முகங்களில் காணலாம்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிறு காலை ஆலயம் நிறைந்திருக்கும். மறையுரை நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொல்வார்கள். பதினொரு மணிக்கெல்லாம் எல்லோரும் போய்விடுவார்கள். சமையல்காரம்மா மூடிவைத்த சோற்றை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் அமரும் அருள்பணியாளர்களுக்கு அந்த இளைஞர் சொன்னது புரியாத பேச்சு அல்ல. எங்களுக்கு ஒரு செபப் புத்தகமும், மாதம் ஒருமுறை கூடும் மறைவட்டக் குருக்களும், முகத்துக்கு நேரே குற்றம் சொல்லும் ஒரு நண்பரும் இருக்கிறார்கள். அந்த நண்பர் இல்லாத காலத்தில் நாமும் தடுமாறியிருக்கிறோம்.

அந்த மூன்றாம் ஓலைக்கு வருவோம். சந்திரபாபுவின் திருமணத்தைக் கடந்துபோக முடியவில்லை என்றோமே, காரணம் இதுதான். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே, வேறு எந்த மனித அதிகாரமும் அதை ஈடுசெய்ய முடியாது என்று திருச்சபைச் சட்டம் 1057ஆம் எண்ணில் சொல்கிறது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ கொடுத்த சம்மதம் செல்லாது என்று 1103ஆம் எண் சொல்கிறது. அதனால்தான் பங்குத்தந்தை மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து, கதவை மூடி, மனம் ஒப்பித்தான் இந்தத் திருமணமா என்று கேட்கிறார். அதனால்தான் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். பல வீடுகளில் இதை ஒரு சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். "சீக்கிரம் முடிச்சிடுங்க ஃபாதர், பத்திரிகை அடிக்கணும்" என்பார்கள். நாமும் எத்தனையோ முறை பத்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறோம். இந்த இளைஞரின் விசாரணையையும் அப்படித்தான் நடத்தினோம். அவருக்கு அன்று மாலை கச்சேரி, நமக்கு அன்பியக் கூட்டம். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. தேர்த்திருவிழா மேடையில் அவரைப் பாடவைத்து மாலை போட்டவர்கள் நாம். அவர் வீட்டுப் படியை மூன்று வருடமாக நாம் மிதிக்கவில்லை.

மறுநாள் அவரை மீண்டும் அழைத்தோம். ஓலையை நிறுத்துவது அவர் உரிமை, ஆனால் காரணத்தை அந்தப் பெண்ணிடம் அவரே சொல்ல வேண்டும், நாம் தூது போக மாட்டோம் என்றோம். குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இரவு பன்னிரண்டுக்கு மேல் இருக்கும் அந்த ஆளை அவள் பார்க்க வேண்டும் என்றோம். தயங்கினார். "சொன்னா போயிடுவா ஃபாதர்" என்றார். "போகட்டும் தம்பி. கல்யாணத்துக்கு அப்புறம் போறதுக்கு இது நல்லது" என்றோம். கடுமையான பேச்சுதான். சந்திரபாபுவை நினைத்துக்கொண்டு பேசினோம்.

அந்தச் சனிக்கிழமை அந்தப் பெண் இரவுப்பணி முடித்துப் பேருந்தில் வந்தார். இருவரும் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்தார்கள். நாம் ஆலயத்துக்குள் போய்விட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்தபோது பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன. இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தை வேண்டாம் ஃபாதர்" என்றார் பெண். "நான் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிட்டுதான் இருக்கேன், வார்டுல. அந்த நேரத்துல இவரு எனக்குப் போன் பண்ணட்டும். குடிச்சிருந்தாலும் பண்ணட்டும். எப்படி இருக்காருன்னு நான் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

வேலூரில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவரைப் பார்க்கவும் ஏற்பாடாயிற்று. அந்தப் பெண்ணே உடன் போனார். இன்னிசைக் குழுவை விடச் சொல்லவில்லை. அவரும் விடவில்லை. தை, மாசிக் கச்சேரிகள் நடந்தன. தவக்காலத்தில் இருமுறை தவறினார். அதையும் அவரே அந்த இரண்டு மணித் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் ஓலை நம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்தப் பெண் வந்து, "ஃபாதர், முதல் ரெண்டு ஓலை இன்னும் செல்லுமா, மறுபடியும் வாசிக்கணுமா?" என்று கேட்டார். ஆறு மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பது நல்லது என்றோம். "வாசிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, வேலூர்ப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.